இருபத்தெட்டு மீட்டர்

இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டி
உலான்பாத்தரின் நிலக்கரிப் புகைக்குள் இறங்கி
எங்கள் கூரையைத் தொட்டுவிடுகிறது.
பிறகு மாடிப்படியோடு இறங்கும் கேபிளில்
கடைசி அறுபது மீட்டருக்குத்தான்
மூச்சு வாங்குகிறது.

நாலு மீட்டருக்கு ஒருமுறை பாதி.
பாதியில் பாதி. அதிலும் பாதி.
பெட்டிக்குள் வந்து விழுவதைச்
சமிக்ஞை என்பது மரியாதைக்கு.

அறுபது தேவையே இல்லை,
முப்பத்திரண்டு போதும்.
மிச்சத்தை தாஷ்ஞாம்
'எதற்கும் இருக்கட்டும்' என்று
அலமாரிக்குப் பின்னால் சுருட்டிப் போட்டுவிட்டு
தார்கானுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.
ஒவ்வொரு நொடியும் எங்களிடம் வருமுன்
அந்தச் சுருளைச் சுற்றி முடிக்க
நூற்று நாற்பத்தொரு நானோநொடி.

ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
பதினோரு செயற்கைக்கோள் தெரிய வேண்டிய திரையில்
மூன்று,
அதிலும் ஒன்று போவதும் வருவதுமாக.
நானும் எர்தெனெச்சிமெகும் சுருளை வெட்டினோம்.
முனையைச் சீவிப் புதுக் கனெக்டர் வைத்து
விரல் நோகத் திருகினோம்.
நான்கு. ஏழு. பதினொன்று.
ஒரே முறுக்கில் நூறு மடங்கு பலம்!
உப்புப் போட்ட பால் தேநீரை
ஆளுக்கு இரண்டு கோப்பை குடித்தோம்.

மறுநாள் இர்குட்ஸ்கிலிருந்து ஃபோன்.
செம்யோன் பாவ்லோவிச், சிரிக்காமல்:
"என்ன அவசரம் உங்களுக்கு?
நேற்றிரவு முதல் எங்களை முந்துகிறீர்கள்.
நூற்று நாற்பத்தொன்று."

தப்பு என்னுடையது.
கேபிளில் இவ்வளவு தாமதம், கழித்துக்கொள் என்று
பெட்டிக்கு எப்போதோ சொல்லிவைத்திருந்தோம்:
முந்நூற்று மூன்று.
இல்லாமல் போன சுருளுக்கும் சேர்த்து
இரவெல்லாம் விசுவாசமாய்க்
கழித்துக்கொண்டிருந்திருக்கிறது.

நூற்று அறுபத்திரண்டு என்று திருத்தினேன்.
பதிவேட்டில் தேதி, கையொப்பம்.
'வலு கூடியதும் கணக்கு மறந்தது'
என்று எழுதி
பிறகு அடித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை எனக்கு.
அதாவது, கணக்கில் பிடிபடுகிறது:
கேபிளுக்குள் எல்லாக் கோளுக்கும் ஒரே தாமதம்,
ஆகவே இடம் பிசகாது.
எத்தனை மீட்டர் இழுத்தாலும்
நிலவறையில் வெந்நீர்க் குழாயோரம் கிடக்கும் இந்தப் பெட்டி
தான் கூரைமேல்
பனிக்குள் நிற்பதாகவே சொல்லும்.
நேற்றும் சொன்னது. இன்றும்.
பிசகுவது நேரம் மட்டும்.
பேருந்தில் வீடு திரும்பும்போது
இதையே நினைத்துக்கொண்டு
என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

வெட்டிய இருபத்தெட்டு மீட்டரை
எர்தெனெச்சிமெக் எடுத்துப் போனாள்,
மகனின் சறுக்குவண்டிக்குக் கயிறாக.
உறைந்த தூல் ஆற்றின்மேல்
குளிரில் விறைத்த அதைப் பிடித்துப்
பையன்கள் மூவர் இழுக்கிறார்களாம்.
இருட்டிய பிறகும்
வீட்டுக்கு வருவதில்லையாம்.

"தாமதம் எங்கே போச்சு என்று கேட்டாயே"
என்கிறாள்,
"என் வீட்டில்தான் இருக்கிறது."