கடை திறக்குமுன்

ஆகஸ்ட் மாத ஷார்ஜாவில்
காலை ஏழு மணிக்கே வெளியே வந்தால்
மூக்குக்கண்ணாடி பனி மூடும்.
ஈரத்துணியாய்த் தெரு முகத்தில் ஒட்டும்.
அதனால் மாலுக்குள் நடக்கிறேன்.

"மாத்திரை பாதி, மீதி உங்கள் கால்" என்றார்
அல் நஹ்தா கிளினிக் டாக்டர்.
சிரிக்காமல்தான் சொன்னார்.
அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள்.
சீட்டிலும் எழுதித் தந்தார்.
மருந்துக்கடையில் நீட்டினால்
ஸ்டாக் இல்லை என்பார்கள்
என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மாதமாக
பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே
நின்றிருக்கிறேன்.
பொங்கி, வழிந்து, அடுப்பணைந்து,
கேஸ் வாடை வந்த பிறகு
யாரோ அதட்டியதுபோல் கை நீளும்.
காரணம் கேட்காதீர்கள்.
கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்று சொல்லி
எது நிஜமென்று எனக்கே மறந்துவிட்டது.

ஷட்டர் இறக்கிய கடைகள்.
தலையில்லாத பொம்மைகளின் மேல் பாதி விலை.
என் ஷூ சத்தம் மட்டும்
எனக்கு முன்னால் ஓர் ஆள் போவதுபோல.
முதல் வாரம், இரண்டாவது சுற்றில்,
மூடிய ஐஸ்கிரீம் கடை முன் உட்கார்ந்து அழுதேன்.
காவலாளி தில்பகதூர்
தன் ஃபிளாஸ்கை என் பக்கத்தில் வைத்துவிட்டு
வேறு திசை பார்த்து நின்றார்.
மறுநாளிலிருந்து எண்ணத் தொடங்கினார்,
நான் கடக்கும்போதெல்லாம் விரல் உயர்த்தி.
"தீன்." "சார்."
எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

நடந்தால் மனசு லேசாகும் என்றார்கள்.
எனக்கு முட்டி வலித்தது.
முட்டி வலித்த நேரத்துக்கு
வேறெதுவும் வலிக்கவில்லை என்பதை
லிஃப்டில் வீடு திரும்பும்போதுதான் கவனித்தேன்.

பதினெட்டாம் நாள் எஸ்கலேட்டர் ஓடவில்லை.
நின்றுபோன படிகளில் ஏறினேன்.
ஒவ்வொன்றும் ஓர் உயரம்,
தொடை எரிய எரிய,
ஏசிக் குளிரில் வியர்வை
முதுகில் ஒரு கோடு போட்டு இறங்கியது.
மேலே மூச்சு வாங்கி நின்றபோது
எங்கிருந்தோ பராத்தா வாசனை.
பசித்தது.
எனக்குத்தானா என்று ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன்.

பின்வாசலுக்கு எதிரே, கஃபெட்டீரியாவில்,
நின்றபடியே இரண்டு பராத்தா, ஒரு முட்டை, கரக் சாயா.
விரலெல்லாம் எண்ணெய்.
ஷிஃப்ட் முடிந்து வந்த தில்பகதூர்
பத்து விரலையும் விரித்துக் காட்டினார்,
பிறகு சந்தேகம் வந்து
ஒன்றை மடக்கினார்.

மறுநாள் போகவில்லை.
மதியம் மூன்று வரை படுத்தே கிடந்தேன்.
அதற்கும் மறுநாள்
பொங்குமுன் பாலை இறக்கிவைத்து
ஷூவைத் தேடினேன்.
ஒன்று கட்டிலுக்கடியில் கிடைத்தது.
மற்றதை
இதோ, தேடிக்கொண்டிருக்கிறேன்.