இருபத்துமூன்றாவது சாவு

இன்னாசியின் அலறல்கள் என்னிடம்தான் இருக்கின்றன.
சாலிகிராமத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்,
இன்னாசி சாவு 1 முதல்
இன்னாசி சாவு 22 வரை.

முதல் படத்தில் அவர் பிணம்.
வசனம் இல்லை, பெயர்கூட இல்லை.
மூன்று நிமிடம் மூச்சே விடவில்லையாம்,
உதவி இயக்குநர் பயந்துபோய்
மூக்கில் விரல் வைத்துப் பார்த்தானாம்.
காசிமேட்டில் நங்கூரம் சிக்கினால்
முங்கி எடுக்கிற பையனுக்கு
இதெல்லாம் ஒரு விஷயமா.

பிறகு சாகடிக்கிற வேலைக்கு உயர்ந்தார்.
கழுத்தை அறுத்துவிட்டு
அதே கத்தியால் நகம் சீவுகிறவன்.
பெற்ற மகளின் பாலில் மருந்து கலந்து
"சூட்டோட குடிச்சிரும்மா" என்கிற அப்பன்.

அந்த ஒரு வரிக்குப் பத்தொன்பது டேக்.
மைக் முன்னால் நிற்குமுன்
கடிகாரத்தைக் கழற்றி என் சட்டைப்பையில் போடுவார்,
டிக் டிக் விழுந்துவிடுமென்று.
கொஞ்சம் கோபம் வேணும் என்றேன்.
"அவன் பாசமாத்தான் கொல்றான், சார்."
பத்தொன்பதாவது முடிந்ததும்
படியிறங்கிப் போய்
சாக்கடை ஓரம் குனிந்து வாந்தியெடுத்தார்.

படம் வந்த வாரம்
முனையில் இளநீர் விற்கிறவள் சொன்னாள்:
"உனக்கு வெட்ட மாட்டேன்.
அருவா என் கையிலயே இருக்கட்டும்."
விருகம்பாக்கத்தில் மூன்று வீட்டுக்காரர்கள்
சாவி இல்லை என்றார்கள்.
இளநீர்க்காரியைப் பற்றி மட்டும்
எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒரே ஒரு படம், நல்லவர்.
ரேஷன் கடையில் எடை போடுகிறவர்.
இடைவேளை தாண்டியும் ஜனம் காத்திருந்தது
எப்போது எடுப்பார் என்று.
கடைசிக் காட்சியில்
தாயில்லாப் பெண்ணுக்குச் சடை பின்னுகிறார்,
முன்வரிசையில் ஒருத்தன்
"கழுத்து, கழுத்து" என்றான்.
நாலு நாள் ஓடியது.

போன தையில் தொண்டையில் அறுவை.
குரல், நூல் அளவு மிச்சம்.
புது இயக்குநர், சின்னப் பையன்,
"பழைய சாவு ஒண்ணு எடுத்துப் போட்டுருங்கண்ணே" என்றான்.

ராத்திரி முழுக்கக் கேட்டேன்.
ஒவ்வொன்றும் ஒவ்வொருத்தனுடையது.
ஒருத்தன் சாவை
இன்னொருத்தன் வாயில் வைக்க முடியவில்லை.
பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில்
அணைக்க மறந்த மைக்:
மிளகுத் தண்ணீர் உறிஞ்சுகிறார்,
புரையேறுகிறது,
இழுத்து இழுத்து இருமுகிறார்,
சிரிக்கிறார்,
போனில் யாரிடமோ
"எறா வேணாம், வஞ்சிரம் வாங்கு."

சிரிப்புக்கு முன்னால் வெட்டி
அசைகிற உதட்டில் பொருத்தினேன்.

பிரிவியூ முடிந்து விளக்கு வந்ததும்
இயக்குநர் என் கையைப் பிடித்தான்,
"உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சுண்ணே."
பின்வரிசையில் கழுத்துத் துண்டோடு இன்னாசி.
கிட்டே வந்து
என் உள்ளங்கையில் விரலால் எழுதினார்:
மி. ள. கு.

பிறகு, பழக்கத்தில்,
கடிகாரத்துக்காகக் கையை நீட்டினார்.
இன்று அவர் தரவேயில்லை.
நானும்
சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன்.