ஆறாவது குப்பி

உலையை மூட்டுமுன் அதன் சுவரோரம்
ஆறு குப்பிகளைத் தொங்கவிட்டார்கள்.
உள்ளே, சுண்டுவிரல் நீளத்தில்,
சுவரை வார்த்த அதே எஃகின் துண்டுகள்.
சுவரைவிட உலைநடுவுக்கு ஒரு சாண் அருகே;
சுவருக்கு நாளை வரப்போவது
இவற்றுக்கு இன்றே வந்துவிடும்.

பதிவேட்டை நிரப்பியவள் திரகொமீரா ஷெபெஸ்தோவா.
இருபத்தெட்டு வயது, ஆராய்ச்சி உதவியாளர்.
வெளியே எடுக்கும் ஆண்டு என்ற பத்தியில்
ஐந்தை மையால் எழுதினாள்.
ஆறாவதற்கு வரும்போது பேனா வறண்டது.
பென்சிலால்: 2017.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம்.
எஃகு நகர்வதில்லை.
நியூட்ரான்கள் மோதி மோதி அணுக்கள் இடம்பெயர
வெளியே ஒரு கீறலும் இல்லாமல்
உள்ளுக்குள் இறுகிக்கொண்டே போகிறது.
"வளையத் தெரியாமல் போவதுதான் முதுமை"
என்று வகுப்பில் ஒருமுறை சொல்லிவிட்டு,
அழகாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு,
மறுநாள் வந்து கரும்பலகையில் திருத்தினாள்:
முதுமைக்கு அலகு உண்டு. ஜூலில் எழுதுங்கள்.

இரண்டாவது குப்பி வெளியே வந்தபோது
கடிதத்தாளில் நாட்டுக்கு வேறு பெயர்.
மூன்றாவதில்தான் அந்த விபத்து:
ஈயக் கண்ணாடிக்கு அப்பால் இயந்திரக் கை நழுவி
எது எந்தத் துண்டு என்று தெரியாமல் போயின இரண்டு.
வரைபடத்தில் அவற்றை வெற்று வட்டங்களாகப் போட்டாள்.
நீக்கினால் கோடு ஒழுங்காக வருமே என்றார்
துறைத்தலைவர் கொஸ்த்தெலெட்ஸ்கி.
நீக்கவில்லை.
பேராசிரியர் பதவி நான்கு ஆண்டு தள்ளி வந்தது.

ஜப்பானில் கடல் ஏறிய மறு ஆண்டு
வகுப்பில் மூன்றே பேர்.
அவர்களுக்கும் அதே முதல் பாடம்:
திரவ நைட்ரஜனில் தோய்த்த துண்டு, தோய்க்காத துண்டு,
உயரத்திலிருந்து வீசி வரும் சம்மட்டி.
"கண்ணை மூடுங்கள்."
ஒன்று முனகியபடி நார்நாராய்க் கிழிந்தது.
மற்றது
டக்.
மூவரில் ரதீம் சிரித்துவிட்டான்.
இரண்டாம் தாளில் இருமுறை தோற்றான், வேறு காரணத்தால்.

ஐந்தாவது குப்பி நல்ல செய்தி சொன்னது.
எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இறுகியிருந்தது எஃகு;
உலைக்கு இன்னும் ஆயுள் கொடுக்கலாம்.
ஆயுள் நீண்டால் கடைசிக் குப்பியும் காத்திருக்க வேண்டும்.
2017ஐ அழித்து 2026, அவள் ஓய்வுபெறும் ஆண்டு.
பிறகு அதையும் அழித்து 2039.
இரண்டு முறையும் அழித்தது அவள் ரப்பர்.
கீழே இருப்பது அவள் கையெழுத்து.

இன்று நுழைவு அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.
பதிவேடு ரதீமின் மேசைக்குப் போனது.
"மையால் எழுதிவிடட்டுமா?"
"வேண்டாம். உடைக்கும்போது
சத்தத்தை மட்டும் பதிவுசெய்து அனுப்பு.
எண்ணைச் சொல்லாதே."
"எண்பது வயதில் காது கேட்குமா உங்களுக்கு?"
"கேட்காததை எல்லாம் எழுதி வைத்துத்தான்
அப்போதும் தோற்றாய்."

பில்சென் வீதியில் ஈரப்பனி.
நான்காம் எண் டிராமில் இடம் இருந்தும்
நின்றுகொண்டே போனாள்,
கோட்டுப் பையில் பாதி தேய்ந்த ரப்பரைப்
பெருவிரலால் வளைத்துப் பார்த்தபடி.