நான்கு கட்டங்கள்

தக்கலைத் தாலுகா ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை ஷட்டரை ஒட்டி
ஒரு பிளாஸ்டிக் மேசை, ஒரு மைப்பெட்டி,
மழைக்கொரு தார்ப்பாய்.
மனு ஒன்றுக்கு நாற்பது ரூபாய்.
வாரிசு, வருமானம், இருப்பிடம், பட்டா,
எதுவானாலும் கடைசி வரி மாறாது:
மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்.
இருபத்திரண்டு வருஷமாக
பிறத்தியாரின் உண்மைக்கு
என் கையெழுத்து.

ரெஜினாள் வந்தபோது சாரல்.
கடியபட்டணம்.
கணவர் பெயர் தீத்தூஸ்.
கார்த்திகைப் புயலுக்கு இரண்டு நாள் முன்பு
தங்கல் வலைக்குப் போனவர்.
படிவத்தில் 'நிலை' என்றொரு கட்டம்.
இருக்கிறார் என்று எழுதவா, அம்மா?
"எனக்கத் தெரியாது சாரே."
இல்லை என்று எழுதவா?
"அதும் தெரியாது."
இரண்டும்தான் என்றோ
இரண்டும் இல்லை என்றோ எழுத
அரசாங்கம் இடம் விடவில்லை.

தபால்வழியில் எம்.ஏ. தத்துவம் படித்தவன் நான்.
பௌத்தத் தாளில் ஒரு கேள்வி வந்தது:
விடுதலை அடைந்தவன் இறந்தபின்
இருக்கிறானா,
இல்லையா,
இருந்தும் இல்லையா,
இருப்பதும் இல்லாததும் அல்லவா?
நான்குக்கும் வாய் திறக்கவில்லை புத்தர்.
அவர் வாய் திறக்காததைப் பற்றி
நான் நாலு பக்கம் எழுதினேன்.
பதினெட்டு மார்க்.

ரெஜினாளுக்குப் பரீட்சை இல்லை.
இரண்டு வருஷம்
அவருக்க நம்பருக்கு மாசாமாசம்
ரீசார்ஜ் போட்டிருக்கிறாள்.
நித்தம் ராத்திரி ஜெபம் முடிந்து அழைப்பாள்.
ஒரு பெண்குரல் சொல்லும்:
'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர்
தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்.'
செத்தார் என்று சொல்லவில்லை.
வருவார் என்றும் சொல்லவில்லை.
பங்குச்சாமியார், மீன்வளத்துறை, டிவிக்காரர்,
இத்தனை பேரிலும்
பொய் கலக்காமல் பேசியவள்
அவள் ஒருத்திதான்.

பிறகு மகளுக்கு ஸ்கூல் பீஸ்.
நாலு மாசம் ரீசார்ஜ் விட்டுப்போனது.
ஒருநாள் மறுபடி அழைத்தபோது
மணி அடித்தது.
அடித்தது சாரே, என்கிறாள்,
மேசையைப் பிடித்துக்கொண்டு.
எடுத்தவன் சாத்தூர்ப் பையன்.
தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறான்.
"அக்கா, இது புது சிம்மு, ராங் நம்பர்."

எண் மறுபிறவி எடுத்துவிட்டது.
அங்கிருந்து இங்கே யாரும் வரவில்லை.
ஒரு குரல்கூட, ஒரு இருமல்கூட
இந்த உடம்பிலிருந்து அந்த உடம்புக்குக் கடக்கவில்லை.
ஆனாலும் அவள் விரல் அழுத்திய பத்து இலக்கம்
அங்கே ஒருவனைத்
திரும்பிப் பார்க்க வைத்திருக்கிறது.
ஆன்மா இல்லாமல் பிறப்பு எப்படித் தொடரும் என்று
அன்றைக்கு எனக்குப் புரியாதது
இவ்வளவுதான் போலும்.
"பின்னே என்ன பேசினீங்க?"
"மழை உண்டான்னு கேட்டேன். இல்லன்னான்."

கரை சேர்ந்தபின்
தோணியைத் தலையில் சுமக்காதே
என்றொரு உவமை உண்டு.
இவளிடம் அதைச் சொல்ல
எனக்கு நா எழவில்லை.

மேல் வாய்மை ஒன்று, வழக்கு வாய்மை ஒன்று;
பணம் வருவது வழக்கு வாய்மைக்கு.
இறப்பு, என்று எழுதினேன்.
எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
"இது உண்மை தானா சாரே?"
ஆபீசுக்கு உண்மை, என்றேன்.
"அப்போ ஆபீசுக்குப் போடுதேன்."
முழுப்பெயரும் எழுதினாள்,
ரெஜினாள் தீத்தூஸ்,
அந்த இரண்டாம் பெயருக்கு மட்டும்
பேனாவைக் கொஞ்சம் அழுத்தி.

நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.
திங்கள்சந்தை பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனது.

நகலில் அந்த எண் இருந்தது.
ஏன் அழைத்தேன் என்று கேட்டால்
என்னிடம் பதில் இல்லை.
நாலாவது மணியில் எடுத்தான்.
பின்னால் லாரி சத்தம், யாரோ சிரிக்கிறார்கள்.
"அலோ, யாரு?
யாரு வேணும் உங்களுக்கு?"

கேட்டுக்கொண்டே இருந்தான்.
நான் வாய் திறக்கவில்லை.
தார்ப்பாயில் தேங்கியிருந்த தண்ணீர்
ஒரு பக்கமாகச் சரிந்து
மைப்பெட்டி மேல் கொட்டியது.