கடல் வெளியே போயிருக்கிறது

ஸ்காபரோவில் வெள்ளி மாலை ஐந்துக்கு ஏறியவர்கள்
அல்மாவில் சனி காலை பத்துக்கு இறங்கினோம்.
கடல் இல்லை.

படகுகள் இருந்தன.
துறைமேடைக்கு இரண்டு மாடி கீழே, செஞ்சேற்றில்,
அடைகாக்கும் கோழிகள் மாதிரி வயிறு பதித்து.
கயிறுகள் மட்டும் மேலே கட்டியபடி,
தொய்ந்து.

இரவெல்லாம் ஓட்டிய யசோதரன்
கார்க் கதவைப் பிடித்தபடி நின்று
"இதுக்கா?" என்றான்.

கடைக்காரி மார்லீன் கோர்மியே
ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டு வந்து,
வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருக்கிறார் என்பதுபோலச் சொன்னாள்:
"வெளியே போயிருக்கிறது. நாலு மணிக்கு வந்துவிடும்."
ஒரு தாளும் தந்தாள்.
வத்து, பெருக்கு, நாள், நிமிடம்.

நெய்தலுக்கு இரங்கல் என்று
பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தவள் நான்.
இரங்கலுக்கு நேரசூசி உண்டென்று
எந்த உரைகாரரும் எனக்குச் சொல்லவில்லை.

சரி, வந்தது வந்தோம் என்று
கடலின் தரையில் நடந்தோம்.
கூழாங்கல், பிறகு மணல், பிறகு சேறு.
சேறு யசோதரனின் இடது செருப்பைக் கேட்டது.
அவன் கொடுக்கவில்லை.
எடுத்துக்கொண்டது.

மார்லீன் ஒரு பொட்டலம் பிரித்தாள்.
கிராண்ட் மனான் தீவில் வெயிலில் காய்ந்த கடற்பாசி, டல்ஸ்,
கத்தரிக்காய்த் தோலின் ஊதா.
ஆரபி வாயில் போட்டாள், துப்பினாள்,
"ஆணி மாதிரி இருக்கு" என்றாள்.
ஒன்பது வயதுக்கு எப்படித் தெரியும் ஆணியின் ருசி?
மத்தியானம் பார்த்தால் பொட்டலத்தில் பாதி இல்லை.

நாலு மணிக்குக் கடல் நிரம்பியபோது
யசோதரன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அலை என்று ஒன்றும் இல்லை.
ஒரு விளிம்பு வந்தது, அவ்வளவுதான்.
ஆரபி விளிம்பில் ஒரு கல் வைத்தாள். போயிற்று.
இன்னொன்று வைத்தாள். போயிற்று.
ஏழாவது கல்லோடு கையைக் கட்டிக்கொண்டு
அதை வர விட்டாள்.
ஒரு படகு தூக்கத்தில் புரள்பவர்போல
இடப்பக்கம் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது.
கொஞ்ச நேரத்தில் அதன் பெயர்
என் கண்ணுக்கு நேரே இருந்தது.

இரவு,
மார்லீனின் மகன் கடல்நீரிலேயே அவித்த சிங்க இறால்.
பழைய பத்திரிகை விரித்த மேசை, உருக்கிய வெண்ணெய்.
வெட்கப்பட்டுக்கொண்டே
கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தேன்.
"அது என்ன?" என்றாள்.
விரல் நுனியில் தொட்டாள்.
மூக்கு சிவந்து, கண் வழிந்து,
மேசையை இரண்டு தடவை தட்டி,
இன்னும் கேட்டாள்.
வெறும் கடுகுப் போத்தல் ஒன்றைக் கழுவி நீட்டினாள்.
பாதி கொட்டினேன்.
மேலே தாள் ஒட்டி எழுதினாள்: ஸ்காபரோ.

பத்து மணிக்கு யசோதரன்
ஒற்றைச் செருப்போடு துறைமேடைக்கு நொண்டிப் போனான்.
கீழே சேறு, சேற்றில் படகுகள்.
ஆரபி படங்களைக் காட்டினாள்.
"இது வேற ஊர்" என்றான்.

விடிந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
கதிரையின் முதுகில் அவன் காற்சட்டை,
முழங்கால்வரை ஈரம்,
தரையில் சொட்டு சொட்டாய்க் கொஞ்சம் தண்ணீர்.
தாளைப் பார்த்தேன்:
பெருக்கு, காலை நான்கு முப்பத்தைந்து.
அவன் சொல்லவில்லை.
நானும் அந்த ஈரத்தை மிதிக்காமல் சுற்றிப் போனேன்.

ஞாயிறு பின்னேரம் எட்மண்ட்ஸ்டனில்,
மார்லீன் மகனின் பழைய பூட்ஸ் போட்டபடி
பெட்ரோல் அடித்துக்கொண்டிருந்தவன்
லொறிகளைப் பார்த்துச் சொன்னான்:
"இப்ப வந்திருக்கும்."

மடியிலிருந்த தாளை விரித்தேன்.
இன்னும் பத்து நிமிடம் இருந்தது.