பொம்மியக்காளின் சுவர்

பொம்மியக்கா கீரணத்தத்துக்குப் போய்விட்டாள்,
நாலாம் மாடி.
எழுபது வருசத்து முனிசிபல் லைனில்
அவள் வீட்டை இடித்த மறுநாள் பார்க்கிறேன்:
அவளுடைய உள்சுவர்
என் வெளிச்சுவர்.

நீலச் சுண்ணாம்பு. அடுப்புக் கரி.
கதிரவேலு வளர வளரக் கிழித்த கோடுகள்,
கடைசிக் கோடு என் தோளுக்கு.
ஓர் ஆணி, அதில் காலண்டர் கயிறு மட்டும்.

குளக்கரையில் நடைபாதை வந்தாச்சு.
விடியலில் ஓட வருகிறவர்கள்
அந்த நீலத்தின் முன் நின்று
படம் எடுத்துக்கொள்கிறார்கள்.
கலர் நல்லாருக்குதாம்.

நேற்று கணக்கெடுக்க வந்த பையன்
சிவப்பு மையில் எண் போடக் கை ஓங்கினான்.
ஏனுங், அது அவ அடுப்படிங்க,
எங்க வாசல் அக்கட்டால, என்றேன்.
பிரஷ்ஷோடு கொஞ்ச நேரம் நின்றான்.
மை சொட்டியது.

அந்த ஆணியில் இப்போது
என் ஆரஞ்சுக் கோட்டு காய்கிறது.
நாலரைக்கு மஸ்டர்.