அரை மில்லி

முதலில் மஞ்சள்.
கோடு கிடையாது, கண் கிடையாது,
பருப்புக் கறி சிந்தின மாதிரி ஒரு திட்டு.
அதைப் பார்த்து யாரும் தேனீ என்று சொல்லமாட்டார்கள்.
மேலே இரண்டாவது அச்சு, காப்பிக்கொட்டை நிறத்தில்:
இறகு, வரி, ஆறு கால், கொடுக்கு.
அதற்குப் பிறகுதான் பறக்கும்.

மார்த்தாண்டத்தில், தேன்கடை மாடியில்
மஞ்சள் என்னுடையது, கோடு ஜெபஷைனியுடையது.
அவளுக்கு ஜன்னலைப் பார்த்த நாற்காலி,
எனக்குச் சுவரைப் பார்த்தது.
ஒரு நாளைக்கு எண்ணூறு லேபிள்.
விலகினதற்குக் கூலி இல்லை என்று
எட்வின் அண்ணன் கலண்டரிலேயே எழுதி வைத்திருந்தார்.

மாசியில் றப்பர் தளிர்க்கையில்
இலைக்காம்பில் ஊறுகிற தேன் இது.
அச்சும் றப்பர்தான்.
குலசேகரத்து மரம் ஒன்று
இரண்டு வழியாக இறங்கிவந்து
ஒரே குப்பியில் சந்திக்கிறது
என்று நான் சொன்னபோது
"வேலையப் பாரு, கேட்டியா" என்றாள்.

வழி கண்டுபிடித்தது அவள்தான்.
அவள் அண்ணனின் முழங்கால் எக்ஸ்ரேயை
எலும்பு போகும்வரை கழுவி எடுத்தாள்.
ரீப்பர்த் துண்டு இரண்டை
'ட' எழுத்தைப்போல ஒட்டினாள்.
'ட'வின் மூலையில் பிலிமைச் சேர்த்து, பிலிமின்மேல் கோட்டைக் குத்தி,
அதை மஞ்சளின்மேல் நகர்த்தி நகர்த்தி
இறகு இறகிடத்தில் வந்ததும் மூச்சைப் பிடித்து
'ட'வை மறுபடி பிலிமோடு சேர்த்து,
பிலிமை உருவி,
டப்.
கட்டின் முதல் தாளுக்கு மட்டும் இத்தனை பாடு.
மற்றதெல்லாம் கைக்கணக்கு.

ஒரு கோடை மழைக்கு
மஞ்சள் குத்தி வைத்த தாளெல்லாம்
ராத்திரி ஈரம் குடித்துப் பெருத்துவிட்டது.
காலையில் எல்லா இறகும் அரை மில்லி வெளியே.
அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு வந்த நாற்பது லேபிளுக்குச் சிரிக்கவில்லை.
மழை இல்லை, ஈரம் இல்லை,
நாற்பதும் கோணல்.
உன் கோடு என்றேன். உன் மஞ்சள் என்றாள்.
பதினோரு நாள் பேசாமல்
தாளை மட்டும் மேசைக்குக் குறுக்கே தள்ளிக்கொண்டிருந்தோம்.
பன்னிரண்டாம் நாள் அவள் குவைத்துக்குப் போனாள்,
ஏதோ வீட்டில் கிடப்பிலான ஒருத்தியைப் பார்த்துக்கொள்ள.

கோடு அச்சை நான் எடுத்தேன்.
ஒன்றும் பொருந்தவில்லை.
பிலிமை மாற்றினேன், 'ட'வைப் பெயர்த்து ஒட்டினேன்,
அச்சில் றப்பர் கழன்றிருக்கிறதா என்று நகத்தால் நெம்பினேன்.
எட்வின் அண்ணன் ஸ்கேல் வைத்து அளந்தார்.
சாய்ந்திருந்தது என் மஞ்சள்.
மிச்சமிருந்த இரண்டாயிரமும்
ஒரே பக்கமாக, ஒரே அளவாக,
இடதுகைக்காரியின் கோடு எங்கே சாயுமோ அங்கே.

நான் தீர்மானித்துச் செய்ததில்லை.
பஸ்ஸில் பக்கத்துக்காரி தூங்கிவிட்டால்
தோள் தானாக ஒதுங்குமே,
அதுபோல மணிக்கட்டு எப்போதோ ஒதுங்கியிருக்கிறது.

அந்த நாற்பதும் ஞாபகம் வந்தது.
கூலி பிடித்த எரிச்சலில்
அன்றைக்கு மட்டும் ஸ்கேல் வைத்து
நேராகக் குத்தினேன்.

மேசையைச் சுற்றிப் போய்
அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.
இடது கையில் அச்சைப் பிடித்தேன், எழுதத் தெரியாத கை.
முதல் மூன்றும் பாழ்.
நிமிர்ந்தபோது
கண்ணுக்கு நேர் உயரத்தில் மேம்பாலம்,
திருவனந்தபுரம் போகிற பஸ் ஒன்று மெல்ல ஊர்ந்தது,
ஜன்னலோரம் ஒரு பிள்ளை எனக்குக் கை காட்டியது.
"டெய்லி யாராவது டாட்டா காட்டும்" என்று
அவள் சொன்னதை நான் நம்பினதில்லை.

நாலாவது பொருந்தியது. ஐந்தாவது இல்லை.
சாயங்காலம் வரை அறுநூற்றுப் பன்னிரண்டு.

இறகு விலகின ஒன்றைக் குப்பையில் போடாமல்
கவரில் வைத்திருக்கிறேன்.
விலாசம் அவள் அண்ணனிடம் இருக்கும்.
இன்னும் கேட்கவில்லை.